அந்த இருண்ட ஜன்னலை மாட்டியவன் நான்

1

பிள்ளைங்களா, என் தம்பி மகள் பவானி கேட்டதால் இதை எழுதுகிறேன். செம்மஞ்சேரியில் உங்கள் பிளாக்கின் படிக்கட்டுச் சுவரில் மாதம் ஒரு முறை நீங்கள் எழுதி ஒட்டும் பத்திரிகைக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் வேண்டுமாம். "பெரீப்பா, பனி, ஏரோப்ளேனு, அந்த மாதிரி எழுது, பசங்க குஷியாயிடுவாங்க" என்றாள். பனியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அது குளிரும், அவ்வளவுதான். நான் எட்டாவது வரை படித்த பெயிண்டர். எனக்குத் தெரிந்தது சுவர். அதனால் சுவரைப் பற்றியும் அதில் மாட்டிய ஒரு படத்தைப் பற்றியும் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது. பவானி, நீதான் இடம் பார்த்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

என் பெயர் ஏழுமலை. உங்கள் அப்பா அம்மாவை எல்லாம் செம்மஞ்சேரிக்கு மாற்றுவதற்கு முன் நம் குப்பம் அடையாற்றின் கரையில் இருந்ததே, அங்கே பிறந்து வளர்ந்தவன். இப்போது இருப்பது நியூசிலாந்தில், கிரைஸ்ட்சர்ச் என்ற ஊரில். இங்கே நிலநடுக்கத்தில் வீடுகள் விழுந்து, திரும்பக் கட்ட ஆள் வேண்டும் என்று தேடியபோது துபாயில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த என்னை எடுத்தார்கள். வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒரு வருடம் கழித்து மனைவி மல்லிகாவும் பிள்ளைகளும் வந்தார்கள். பெரியவள் ரேவதி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். சின்னவன் தினேஷ் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம்.

போன மாதம் நான் இங்கே வந்து இறங்கிய தேதி வந்தது. ஒவ்வொரு வருடமும் அன்று மல்லிகா வஞ்சிரம் மாதிரி இருக்கும் ஒரு மீனை வாங்கிக் குழம்பு வைப்பாள். இந்த வருடம் ரேவதியும் ஏதோ செய்தாள். வேலை முடிந்து வந்து பார்த்தால் முன்னறை மாறிப்போயிருந்தது. சோபாவில் பச்சை நிறத்தில் நான்கு திண்டு. மூலையில் மூங்கில் விளக்கு. முருகன் காலண்டர் சமையலறைக்குப் போயிருந்தது. சுவரோரம் பழுப்புத் தாள் சுற்றிய ஒரு பெரிய பொருள், கிட்டத்தட்ட கட்டில் அகலம்.

"பன்னெண்டு வருஷமா ஊருக்கெல்லாம் சுவரை அழகு பண்றீங்க, நம்ம வீட்டு சுவர் மொட்டையா இருக்குப்பா" என்றாள் ரேவதி. "பிரிங்க."

பிரித்தேன். துணியில் அச்சடித்த போட்டோ. பழைய பங்களா ஒன்று: முன்னால் தூண் வைத்த போர்டிகோ, ஒரு மாமரம், மதில், மேல்மாடி முழுக்கப் பச்சை ஜன்னல்கள். வெயிலில் எல்லா ஜன்னலும் பளபளவென்று இருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் இருட்டாக இருந்தது. கண்ணடிப்பது போல.

கீழே கடைக்காரர்கள் ஒட்டிய சீட்டு இருந்தது. தினேஷ் படித்துத் தமிழில் சொன்னான். அவன் தமிழில் அது இப்படி வந்தது: "இருட்டு ஜன்னல். பழைய அரண்மனை, சவுத் இந்தியா. அந்த விண்டோ பின்னாடி யாரோ ரொம்ப நாளா வெய்ட் பண்றாங்க. லோன்லி."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். சோபாவில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன்.

"இன்னாய்யா, மருந்து கிருந்து சாப்ட்டியா?" என்றாள் மல்லிகா. "பொண்ணு ஆசையா வாங்கியாந்து கீது, இப்டி சிரிக்கிற?"

"மல்லி, இது லஸ்ல கீற கிளிப்பச்சை பங்களா. நான் பெயிண்ட் அடிச்சது. அந்த இருட்டு ஜன்னல் இருக்குதே, அத்த நான்தான் மாட்டினேன். தப்பா."

தினேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து அவனுக்கு அந்தப் படம் "அப்பாஸ் மிஸ்டேக்". ரேவதியும் சிரித்தாள். ஆனால் சீக்கிரம் நிறுத்திவிட்டாள். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

2

மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருக்கிறது அந்த வீடு. கபாலி கோயில் குளத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பெரிய வக்கீல் ஒருவர் கட்டியது என்பார்கள். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. கோபால் மேஸ்திரி, தச்சர் ஒருவர், பெயிண்டர்கள் எத்திராஜ், குமார், நான் என்று ஐந்து பேர் அங்கே இரண்டு மாதம் வேலை பார்த்தோம்.

அந்த ஜன்னல் கதவுகளைப் பற்றிச் சொன்னால்தான் கதை புரியும். கண்ணாடி கிடையாது. மரச்சட்டத்துக்குள் ஏணிப்படி போல ஒன்றன் கீழ் ஒன்றாகப் பட்டைகள், எல்லாம் வெளிப்பக்கம் சரிந்திருக்கும். மழை அடித்தால் தண்ணீர் வெளியே வழிந்துவிடும், காற்று மட்டும் உள்ளே வரும். வெயில் அந்தச் சரிவில் விழுவதால் கதவு மின்னும். எவனோ ஒரு கெட்டிக்காரன் யோசித்துச் செய்தது.

பழைய பெயிண்ட் எட்டு அடுக்கு இருந்தது. இருந்த இடத்தில் வைத்துச் சுரண்ட முடியாது. அதனால் தச்சர் ஜாஃபர் பாய் கதவை எல்லாம் கழற்றிக் கீழே இறக்குவார். கழற்றும்போதே எந்த ஜன்னல், இடதா வலதா என்று உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுதுவது என் வேலை. எழுதினேன். பிறகு நானே அதன் மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். எழுத்து என்ன ஆகும்? போய்விட்டது. ஞாபகத்தில் திரும்ப எழுதினேன். பதின்மூன்று ஜன்னலுக்குச் சரியாகத்தான் எழுதினேன்.

மிச்சம் இருந்த ஒன்றை மாட்ட வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுத்திருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! நானே சாரத்தில் ஏறி இரண்டு கதவையும் மாட்டினேன். திறந்து மூடிப் பார்த்தேன், அழகாக மூடியது. இறங்கிவந்தேன். மறுநாள் சாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றிய பிறகு பாய் மேலே பார்த்தார்.

"அரே ஏழுமல! இன்னாடா பண்ணி வெச்சிகிற? இடது வலதுல, வலது இடதுல. உள்பக்கம் வெளிய பாத்துக்கினு கீது! மழ பேஞ்சா தண்ணி ஊட்டுக்குள்ள போவும்டா!"

மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார், பீடியை இழுத்தார், சாரம் ஏற்றிய வண்டியைப் பார்த்தார்.

"வுடு நைனா. அது பழைய பேப்பரு போட்டு வெச்சிகிற ரூமு. மேல்மாடி ஜன்னல எவன் அண்ணாந்து பாக்கப் போறான்?"

உலகமே பார்க்கிறது மேஸ்திரி. திண்டு, விளக்கு வாங்க வருபவன் எல்லாம் பார்க்கிறான்.

அந்த வீட்டில் எங்களை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பெரிய கேட் வழியாக நாங்கள் போனதில்லை. மதிலின் இடது ஓரத்தில் ஒரு சின்ன கேட் உண்டு, அதுதான் எங்களுக்கு. தண்ணீர் தோட்டத்துக் குழாயில். இரண்டு மாதம் அந்த வீட்டின் ஒவ்வொரு அங்குலத்தையும் தடவியிருக்கிறேன், ஒரு நாளும் அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

கடைசி நாள் வீட்டுக்காரரின் மகன் கேமராவோடு வந்தார். நாங்கள் போர்டிகோ முன்னால் வரிசையாக நின்றோம். எங்களைத்தான் எடுக்கப் போகிறார் என்று நினைத்தோம். எத்திராஜ் சட்டையைக் கூட மாற்றிக்கொண்டு வந்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா. வீடு தெரியணும்."

தள்ளினோம். "இன்னும் கொஞ்சம்." இன்னும் தள்ளினோம். சின்ன கேட் வரைக்கும் தள்ளினோம். மேஸ்திரி மெதுவாகச் சொன்னார்: "தள்ளு நைனா, நம்ம நெழலு பட்டா வூடு கறுத்துடப் போவுது." எல்லோரும் சிரித்தோம். எத்திராஜ் மட்டும் சிரிக்கவில்லை. போகும்போது பழைய சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

3

இப்போது படத்தை மாட்ட வேண்டும். இங்கே நாங்கள் இருப்பது வாடகை வீடு. ஆணி அடிக்க அனுமதி வாங்க வேண்டும். நிஜமாகத்தான் சொல்கிறேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. எந்தச் சுவர், எத்தனை ஆணி, ஆணியின் அளவு என்ன, மாட்டும் பொருளின் எடை எவ்வளவு, வேலையைச் செய்யப் போவது யார், அவருக்கு அந்தத் தகுதி உண்டா?

இந்த ஊரில் எத்தனையோ வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறேன். இடிந்த வீடு, புது வீடு, தேவாலயம், பள்ளிக்கூடம். வெள்ளையிலேயே நாற்பது வெள்ளை இருக்கிறது இங்கே. கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வேன். வந்த புதிதில் எனக்கு ஆங்கிலம்தான் வராது. நாம் பெயிண்ட் "அடிக்கிறோம்" இல்லையா, அதை அப்படியே மாற்றி, முதலாளியிடம் "டுமாரோ ஐ பீட் தி வால்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "அது உன்னை என்ன செய்தது?" என்று கேட்டார். இன்றைக்கும் காலையில் என்னைப் பார்த்தால் "இன்று எந்தச் சுவரை அடிக்கப் போகிறாய்" என்பார். நல்ல மனிதர்.

அப்படிப்பட்ட நான், என் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கத் தகுதி உண்டு என்று படிவத்தில் எழுதிக் காத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. தினேஷ்தான் வாசித்தான். ஆணிக்கு அனுமதி இல்லை. சுவரைச் சேதப்படுத்தாத ஒட்டும் கொக்கி பயன்படுத்திக்கொள்ளலாம்.

"ஒட்டற கொக்கியா? அது நிக்காதுடா. இது இன்னா எடை கீதுன்னு அவனுங்களுக்குத் தெரியுமா?"

"ரூல்ஸ் இஸ் ரூல்ஸ், டாட்."

ஆறு கொக்கி ஒட்டினோம். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது படம் தொப்பென்று விழுந்தது. சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கொக்கியோடு சேர்ந்து சுவரின் பெயிண்டும் உரிந்து வந்தது, உள்ளங்கை அகலத்துக்கு ஆறு இடத்தில். சுவரைச் சேதப்படுத்தாத கொக்கி! அன்று முழுக்கப் பட்டி வைத்து, தேய்த்து, அதே வெள்ளை கலந்து அடித்தேன். படத்தைச் சுவரில் சாய்த்துத் தரையில் வைத்தோம். அப்படி இருந்தபோதுதான் அவர்கள் வந்தார்கள்.

4

ரேவதிக்கு அருண் என்று ஒரு பையனைப் பிடித்திருக்கிறது. நல்ல பையன், என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பான். அவனுடைய அப்பா அம்மா தி.நகர்க்காரர்கள். இங்கே வந்து முப்பது வருடம், சொந்த வீடு, பெரிய வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்குக் காப்பி சாப்பிட வருகிறோம் என்றார்கள். எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மல்லிகா காலையிலிருந்து வடைக்கு அரைத்தாள். ரேவதி திண்டுகளை நூறு தடவை தட்டித் தட்டி வைத்தாள்.

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். ஊர்ப் பேச்சு ஓடியது: பாண்டி பஜாரில் இப்போது நடக்க நல்ல நடைபாதை, அடையாறு சிக்னலில் மட்டும் அதே நெரிசல். அருணின் அம்மாவின் கண் படத்தின் மேலேயே இருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கே இந்தப் படம்! இந்த மாதிரி ஜன்னல்லாம் மயிலாப்பூர்லதான் பார்த்திருக்கேன்."

"ஆமா ஆன்ட்டி, மயிலாப்பூர்தான்" என்றாள் ரேவதி.

"உங்களோடதா? பூர்வீக வீடா?"

என் மகள் படத்தைப் பார்த்தாள், பிறகு காப்பி டம்ளரைப் பார்த்தாள்.

"அப்பாவோட... அந்தக் காலத்து வீடு ஆன்ட்டி."

"அப்படிச் சொல்லுங்க சார்!" என்றார் அருணின் அப்பா. சோபாவில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. "இவ்ளோ பெரிய குடும்பத்துலேர்ந்து வந்துட்டு, ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க? யாரு, வக்கீல் குடும்பமா?"

மல்லிகா சமையலறை வாசலில் வடைத் தட்டோடு நின்றாள். வாயைத் திறக்காமல் கண்ணாலேயே "சும்மா இருய்யா" என்றாள். தினேஷ் போனைக் கீழே வைத்துவிட்டான்.

பிள்ளைங்களா, நான் பொய் சொல்லாதவன் இல்லை. துபாயில் கம்பெனி ரூமில் பன்னிரண்டு பேரோடு படுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போன் செய்து "தனி ரூம், ஏசி" என்று சொன்னவன். அன்றும் சும்மா இருந்திருக்கலாம். தலையை ஆட்டினால் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம். மகள் கல்யாணம் நல்லபடி நடக்கும். யாருக்கு நஷ்டம்?

காப்பி ஆறும் வரை யோசித்தேன். படத்தின் இடது ஓரத்தில் அந்தச் சின்ன கேட் தெரிந்தது. நாங்கள் தள்ளி நின்ற இடம்.

"வக்கீல் வீடுதான் சார்" என்றேன். "ஆனா எங்க வீடு இல்ல. நான் அங்க பெயிண்ட் அடிச்சேன். எங்க வீடு அடையாறு ஆத்தங்கரையில இருந்திச்சு, குடிசை. இப்ப அதுவும் இல்ல. இந்தப் பச்சை முழுக்க நானும் நாலு பேரும் அடிச்சது. அதோ அந்த இருட்டு ஜன்னல் கீது பாருங்க, அத்த நான் உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி மாட்டிட்டேன். அதனாலதான் வெயில் புடிக்கல."

அருணின் அப்பா தன் பையனைப் பார்த்தார். "அப்படியா? அருண் வேற மாதிரி சொன்னான்..." என்றார். என்ன சொன்னான், யார் சொல்லித் தந்தது என்று நான் கேட்கவில்லை.

அருணின் அம்மா எழுந்து படத்தின் அருகே போய்க் குனிந்து பார்த்தார். "நிஜமாவா? உள்பக்கமா? மழை உள்ள போகுமே!"

"போகும்மா. பழைய பேப்பர் ரூமு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கணவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். வடை அப்படியே இருந்தது.

கதவை மூடியதும் ரேவதி வெடித்தாள்.

"ஏன்பா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் சும்மா இருக்கக் கூடாதா? நான் என்ன பொய்யா சொன்னேன்? அவங்களா நெனச்சுக்கிட்டாங்க!"

"நெனைக்கிற மாதிரி நீ சொன்னே."

"உங்களுக்கு என்ன தெரியும்? அவங்க வீட்ல என்னை எப்படிப் பாக்கறாங்கன்னு தெரியுமா? 'எந்த ஏரியா, எந்த ஸ்ட்ரீட், தாத்தா என்ன பண்ணார்'. ஒவ்வொரு தடவையும் கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"பெயிண்டர் பொண்ணுன்னு சொல்லு."

"சொல்லிட்டா மட்டும்?"

அவள் அழுதாள். ஆனாலும் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்:

"ரேவதி, அன்னிக்கு அந்த வீட்டுக்காரரு மகன், வீடு தெரியணும், தள்ளி நில்லுன்னாரு. தள்ளி நின்னேன். வேற ஊட்டுக்காரரு, அவருக்கு நான் யாரு? இப்ப நீயும் தள்ளி நிக்கச் சொல்றியாம்மா?"

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மல்லிகா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வடையைப் பிய்த்தாள். "பொண்ணு கல்யாணத்த கெடுத்துட்ட" என்றாள். கொஞ்ச நேரம் மென்றாள். "நல்லாத்தான் சொன்ன, போ."

5

அருண் வீட்டிலிருந்து ஒரு வாரம் பேச்சு மூச்சு இல்லை. அருண் மட்டும் வந்தான், ரேவதியோடு வாசலில் நின்று பேசிவிட்டுப் போனான். வீட்டில் என் மகள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அந்த ஒரு வாரம் எனக்கு ஒரு வருடம் மாதிரி போனது.

சனிக்கிழமை காலை, வேலைக்குப் பயன்படுத்தும் டிரில் மெஷினை வண்டியிலிருந்து எடுத்துவந்தேன். இங்கே சுவர் என்பது மரச்சட்டத்தின் மேல் அடித்த பலகைதான். அதைத் தட்டிப் பார்த்து, உள்ளே மரம் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்து, இரண்டு ஓட்டை போட்டு ஆணி முடுக்கினேன். தினேஷ் ஓடிவந்தான்.

"டாட்! பர்மிஷன் இல்ல!"

"ஒட்டற கொக்கி போட்டு ஆறு எடத்துல சுவரை உரிச்சானுங்களே, அதுக்கு எவன் பர்மிஷன் குடுத்தான்? ரெண்டு ஓட்டைடா. போகும்போது அடைச்சுட்டுப் போறேன். பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாலும் தெரியாது. நான் பெயிண்டர்."

மாட்டுவதற்கு முன் ஒரு வேலை இருந்தது. அந்தப் படத்தின் வலது மூலையில் போட்டோ எடுத்தவரின் கையெழுத்து இருக்கிறது. அன்று எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னவரா, வேறு யாராவதா, தெரியாது. இருக்கட்டும். நல்ல போட்டோதான், வெயிலை நன்றாகப் பிடித்திருக்கிறார். ஆனால் ஊருக்கெல்லாம் ஒரு பொய்க் கதை சொல்லி விற்கிறார்களே, ஜன்னலுக்குப் பின்னால் யாரோ காத்திருக்கிறார்கள் என்று. யாரும் காத்திருக்கவில்லை. ஏழுமலை அவசரப்பட்டான், அவ்வளவுதான்.

சாம்பிள் டப்பாக்களில் தேடிப் பச்சை எடுத்தேன். மேஸ்திரியின் கணக்கு எனக்கு மறக்கவில்லை: பச்சையில் ஒரு கரண்டி மஞ்சள், ஒரு சொட்டு வெள்ளை. கலந்ததும் லஸ் தெருவே டப்பாவுக்குள் வந்துவிட்டது. மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, இடது மூலையில், சின்ன கேட்டுக்குப் பக்கத்து மதிலில், தமிழில் எழுத ஆரம்பித்தேன். கோபால் மேஸ்திரி. வீட்டுச் சுவர் முழுக்க ஒரே மூச்சில் அடிப்பவன்தான், ஆனால் பெயர் எழுதிப் பழக்கமில்லை. வரி கோணிக்கொண்டு போனது.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. ரேவதி.

"என்னப்பா பண்றீங்க? விலை குடுத்து வாங்கின படம் அது."

"தெரியும்."

"கோணலாப் போகுது."

"போகட்டும்."

அவள் போய்விட்டாள் என்று நினைத்தேன். என் வேலைப் பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. பெயிண்ட் பரவாமல் இருக்க ஒட்டுவோமே, அந்த நீல டேப்பை எடுத்து வந்தாள். பல்லால் கடித்து நறுக்கி, படத்தின் மேல் நேர்க்கோடாக ஒட்டினாள். சின்ன வயதில் என்னோடு வேலை நடக்கும் வீட்டுக்கு வந்து கற்றுக்கொண்டது.

"இதுக்கு மேல எழுதுங்க. யாரு இந்த கோபால்?"

சொன்னேன். செத்துப்போய்விட்டார் என்றும் சொன்னேன். ஜாஃபர் பாய் யார் என்று கேட்டாள், சொன்னேன். அவர் இன்னும் இராயப்பேட்டையில்தான் இருக்கிறார். எத்திராஜ், குமார். எத்திராஜின் சட்டைக் கதையைக் கேட்டபோது டேப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். கடைசியாக என் பெயரை எழுதினேன். டேப்பை அவளே உரித்தாள், மெதுவாக, ஓரத்திலிருந்து, உரிக்க வேண்டிய முறைப்படி.

நான் படத்தின் ஒரு முனையைப் பிடித்தேன். அவள் படத்தின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள். மாட்டினோம்.

6

இங்கே மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீட்டைப் பார்வையிட ஆள் வருவார். அடுப்பைப் பார்ப்பார், குளியலறையில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பார், கையில் சிலேட்டு மாதிரி வைத்திருக்கும் டேப்லெட் கருவியில் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக்கொள்வார். இந்த முறை வந்தது ஒரு இளம்பெண். முன்னறைக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

ஆணியைப் பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் ஆணியைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தாள். "எவ்வளவு அழகான வீடு! உங்கள் குடும்பத்து வீடா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கே புரிந்தது.

நான் பதிலுக்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேஜையில் ரேவதி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. குரலில் கொஞ்சம் எரிச்சல் கூட இருந்தது, ஒரே கேள்விக்கு எத்தனை தடவை பதில் சொல்வது என்பது போல.

"இல்லை. என் அப்பா பெயிண்ட் அடித்த வீடு. கீழே பச்சையில் இருப்பது அவர்கள் பெயர்கள். அந்த இருட்டு ஜன்னல் அப்பாவின் தப்பு."

அந்தப் பெண் கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். அப்போது படத்துக்குப் பின்னால் ஆணியும் கண்ணில் பட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கருவியில் தட்டினாள்: அனுமதியில்லாத துளைகள், இரண்டு. கீழே ஒரு கட்டம் வந்தது. இந்த வேலையைச் செய்தவர் பெயர், கையெழுத்து.

தினேஷ் என் முகத்தைப் பார்த்தான். ரேவதி கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தாள்.

விரலாலேயே அந்தக் கண்ணாடி மேல் எழுதினேன், பெரிதாக, தமிழில்: ஏழுமலை, பெயிண்டர்.